அலாரம் அடித்தால் யார் வருவார்கள்?

வாசகர் கேள்வி - பதில்

(இந்த மாதம் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர், பெங்களூரில் கார்களுக்கான ஏர்பேக் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, பெருந்துறையில் சின்னப் பட்டறை வைத்து, தனியாக வாழும் முதியவர்களுக்கான பாதுகாப்புக் கருவிகளைச் செய்து வருகிறார்.)

நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வர எப்படி மனசு வந்தது? எனக்கு 39 வயது, ஐ.டி. வேலை. இதே மாதிரி ஏதாவது செய்ய ஆசை. தைரியம்தான் வரமாட்டேன் என்கிறது.
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருந்தார். அப்புச்சி போன பிறகு எவ்வளவு கூப்பிட்டும் டவுனுக்கு வரவில்லை. "மாடு கன்னை யாரு பாப்பாங்க?" என்று ஒரே கேள்வியில் எங்கள் வாயை அடைத்துவிடுவார். ஒரு விடியற்காலையில், வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடமான பொடக்காளியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பால் கறக்க வருகிறவர் அன்றைக்கு ஒரம்பரை (உறவினர்) வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். உச்சிப்பொழுதில் மோர் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண் பார்த்துத்தான் ஊருக்கே தெரிந்தது. செல்போன் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) சார்ஜில் கிடந்தது.

எலும்பு முறிவுதான் பெரிய விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். விழுந்தவர் எழ முடியாமல் மணிக்கணக்காகத் தரையில் கிடப்பது அதற்கு இணையான ஆபத்து என்று டாக்டர்தான் விளக்கினார். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தித் தசை சிதைகிறது. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றுகிறது, ஈரத்தரையில் சில்லிட்டுப் போகிறது. அம்மாயி பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன் பிறகு எழுந்து நடக்கவில்லை.

அப்போது என் வேலை என்ன தெரியுமா? கார் மோதினால் முப்பது மில்லி செகண்டுக்குள் முடிவெடுத்து ஏர்பேக்கை விரிக்கிற கருவி. காரில் போகிறவரைக் காப்பாற்ற இத்தனை பேர், இத்தனை பணம், இத்தனை சோதனை. பொடக்காளியில் விழுகிற கிழவிக்கு ஒன்றுமே இல்லை. அந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை.

தைரியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் கணவர் வேலையில் இருந்தார், மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இதை மறைத்துவிட்டு என் தைரியத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுக்கிற குழுக் காப்பீடு, வேலையை விட்டதோடு போய்விடும். அதில் அப்பா அம்மாவும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துப் போகும். தனிப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் ராஜினாமா கடிதத்துக்கு முன்பே பாலிசி கையில் இருக்கட்டும். முதல் மாதிரிக் கருவி செய்ய மத்திய அரசின் 'நிதி-பிரயாஸ்' (NIDHI-PRAYAS) என்கிற திட்டத்தில் பத்து லட்சம் வரை மானியம் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. ஸ்டெப் மாதிரி தொழில் வளர்ப்பு மையங்களில் விசாரியுங்கள். வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறுகளில் வயதானவர்கள் இருக்கிற வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். அதில் உங்களுக்கு அலுப்பு வந்தால் இந்த வேலை வேண்டாம்.

என் மாமியாருக்கு 72 வயது. கழுத்தில் மாட்டுகிற அவசர பட்டன் வாங்கிக் கொடுத்தோம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- ஒரு வாசகி, பல்லடம்

அம்மிணி, உங்கள் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். எழுபது வருஷமாகக் கழுத்தில் எது இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. திடீரென்று பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டிக்கொண்டு விசேஷ வீட்டுக்குப் போனால், "என்னுங்க, உடம்புக்கு என்ன?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத்தான் அவர் பீரோவில் பூட்டினார்.

இன்னொன்று. கழுத்தில் மாட்டுகிறவர்களும் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிறார்கள். வழுக்குகிற இடமோ அதுதான். அதனால் நான் குளியலறைக்குச் சுவரில் பதிக்கிற பட்டனைத்தான் முதலில் செய்தேன். அதை எங்கே வைப்பது என்பதில் எல்லோரும் எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் போகிறார்கள். லைட் சுவிட்ச் உயரத்தில், நாலடிக்கு மேல் வைத்துவிடுகிறார்கள். விழுந்து கிடக்கிறவருக்கு நாலடி உயரம் எட்டுமா? தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் ஒன்று இருக்க வேண்டும். அல்லது தரை வரை தொங்குகிற சிவப்புக் கயிறு. எந்தப் பக்கம் விழுந்தாலும் கைக்குக் கிடைக்கிற இடத்தில் கயிறு இருந்தால், கழுத்தில் எதுவும் வேண்டியதில்லை. கழுத்தில்தான் மாட்டுவது என்றால், எங்காவது மாட்டி இழுபட்டால் தானாக அறுந்துவிடுகிற மாதிரி கயிறு இருக்க வேண்டும். வாங்கும்போது இழுத்துப் பாருங்கள்.

பீரோவைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். "எங்கே வைத்தால் உங்களுக்குத் தோதா இருக்கும் அத்தை?" என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடத்தில் வையுங்கள்.

விழுந்தால் தானாகவே கண்டுபிடித்துப் போன் செய்கிற ஸ்மார்ட் வாட்ச் வந்துவிட்டதே. அப்புறம் உங்கள் கருவி எதற்கு?
- ஒரு வாசகர், ராம்நகர், கோவை

நியாயமான கேள்வி. ஆப்பிள் வாட்சில் 2018-இல் இந்த வசதி வந்தது. பலமாக விழுந்து, அப்புறம் சுமார் ஒரு நிமிடம் அசைவில்லாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணை அழைக்கும். நல்ல கருவி. காலையில் தனியாக நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

ஆனால் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே தவறும் என்பதும் தெரியும். உள்ளே இருப்பது முடுக்கத்தை அளக்கிற சென்சார், ஏர்பேக்கில் இருப்பதன் உறவுக்காரன்தான். மனிதர் விழும்போது அரை செகண்டுக்கும் குறைவாக எடையற்ற நிலை, தரையில் படும்போது பெரிய அதிர்ச்சி, பிறகு அசைவின்மை. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் விழுந்துவிட்டார் என்று கணக்கு. இந்தத் துறையின் சோதனைகளில் பெரும்பாலும் விழுந்து காட்டியவர்கள் மெத்தை மேல் விழுந்த வாலிபர்கள்.

எண்பது வயதுக்காரர் அப்படி விழுவதில்லை. தலை சுற்றுகிறது, சுவரைப் பிடிக்கிறார், கை நழுவுகிறது, சுவரோடு சரிந்து உட்காருகிறார், அப்படியே சாய்கிறார். எடையற்ற நிலையும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. சென்சாரின் பார்வையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு அதிர்ச்சி வந்தால் விழுந்ததாகக் கணக்கு என்கிற வரம்பைத் தளர்த்தி வைத்தால், கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாலும் அலாரம் அடிக்கும். நாலு தடவை பொய்யாக அடித்தால் ஐந்தாம் தடவை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அதனால்தான் நான் விழுவதைத் தேடுவதை விட்டுவிட்டு, வழக்கம் தவறுவதைத் தேடுகிறேன். குளியலறைக்குள் போனவர் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் வெளியே வரவில்லை என்றால் கருவி முதலில் அவரிடமே குரல் கொடுத்துக் கேட்கும். பதில் இல்லை என்றால்தான் மற்றவர்களைக் கூப்பிடும். கதவில் ஒரு சென்சார், உள்ளே உடம்புச் சூட்டின் அசைவை உணர்கிற ஒரு சென்சார், அவ்வளவுதான். தினமும் ராத்திரி சார்ஜ் போட நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாட்சில் பெரிய தொல்லையே அதுதான்.

மகன் சிங்கப்பூரில். வீடு முழுக்க கேமரா வைத்துவிட்டேன் என்கிறான். அது போதாதா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

வாசலுக்கும் களத்துக்கும் கேமரா வையுங்கள், நல்லது. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் வேண்டாம். புடவை மாற்றுகிற இடத்தில் கேமராவுடன் யாரும் நிம்மதியாக வாழ முடியாது, பெற்ற மகனே பார்த்தாலும்.

அதோடு, கேமராவை யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பயன். உங்கள் மகன் மீட்டிங்கில் இருக்கும்போது யார் பார்ப்பது? பார்த்தாலும், சிங்கப்பூரிலிருந்து அவர் முதலில் யாருக்குப் போன் செய்வார்? அந்தப் பெயரை இன்றைக்கே எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும்.

நாங்கள் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். செய்திகளைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கொடுமுடி வட்டம்

ஐயா, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகிலும், 2025-இல் உங்கள் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு கொங்கு நாட்டில் எந்தத் தோட்டத்து வீட்டிலும் பழைய தூக்கம் இல்லை. நகையையும் பணத்தையும் தேடி வருகிறவர்களைப் பட்டன் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். இதை நான் பெருந்துறை, வெள்ளகோவில் பக்கத் தோட்டங்களில் பார்த்துப் பார்த்துக் கற்றேன்.

நாய் குரைத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். நம் ஆட்களுக்கு இதை விடுவதுதான் கஷ்டம், ஏனென்றால் காலமெல்லாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வையுங்கள். அதைப் போட்டால் வாசல், மோட்டார் ரூம், கட்டுத்தறி எல்லா இடத்திலும் விளக்கு எரிய வேண்டும். கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே பாருங்கள். அந்த விளக்குகளுக்கும் சைரனுக்கும் பேட்டரி இருக்க வேண்டும். கரண்ட் போனால் கருவியும் படுத்துவிடுகிற மாதிரி இருந்தால் பயனில்லை. கரண்ட் போய்விட்டது என்பதையே அது நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்து சிக்னல். தடித்த சுவருக்குள் போன் ஒரு கோட்டில் நிற்கும். கருவியில் சிம் போடுவதாக இருந்தால், உங்கள் களத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிஜமாகவே வருகிறது என்று நின்று பார்த்து அதைப் போடுங்கள். விலை குறைந்த கருவிகள் சில 2ஜி-யில் மட்டும் வேலை செய்யும். அவற்றில் ஜியோ சிம் போட்டால் ஓடாது, ஜியோவில் 2ஜி கிடையாது. சிக்னலே இல்லாத இடத்துக்கு லோரா என்கிற ரேடியோ முறை இருக்கிறது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சின்ன பேட்டரியில் ஓடும், வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். ஒரு தோட்டத்தில் அழுத்தினால் சுற்றியுள்ள தோட்டங்களில் சைரன் ஊதும். அந்தக் காலத்து மில் சங்கு மாதிரி சத்தம் வேண்டும், கேட்டவுடன் இது இன்னார் வீடு என்று தெரிய வேண்டும்.

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. சைரன் கேட்டால் யார் கிளம்புவது? வாய்க்கால் தகராறில் ஐந்து வருஷமாகப் பேசாத பங்காளி அடுத்த தோட்டத்தில் இருப்பார். அவர்தான் இருநூறு மீட்டரில் இருப்பவர், மற்றவர்கள் எல்லாம் ஒரு மைலுக்கு அப்பால். கருவி பொருத்த அரை நாள் போதும். அந்த இரண்டு பேரையும் ஒரு கட்டிலில் உட்காரவைத்து, "அவசரத்துக்கு மட்டும் நீங்க வாங்க, நாங்களும் வருவோம்" என்று சொல்லவைக்க எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது. அது நடக்காத இடத்தில் நான் கருவியைப் பொருத்துவதில்லை. யாரும் தனியாக வரக்கூடாது, சேர்ந்து வர வேண்டும், கிளம்பும்போதே 112-க்குப் போன் போட வேண்டும். இதையும் முன்பே பேசிவைக்க வேண்டும்.

உங்கள் காவல் நிலையத்தில் போய், தோட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம் என்று பெயர், இடம், போன் எண் கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்மார்ட்போன் இருந்தால், தமிழகக் காவல்துறை 2022-இல் கொண்டுவந்த 'காவல் உதவி' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நகைகளை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, வைத்துவிட்டோம் என்பதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

கருவி எல்லாம் வாங்க எங்களுக்கு வசதியில்லை. பனியன் கம்பெனி வேலைதான். அம்மா பகலில் தனியாக இருக்கிறார். காசு அதிகம் ஆகாமல் என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

நிறையச் செய்யலாம் அம்மிணி. என் கருவியை விட இவை முக்கியம்.

பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். உள்ளே விழுந்தவருடைய உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், உதவிக்கு வருகிறவர் திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். வாடகை வீடு என்றால் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்க முடிகிற தாழ்ப்பாள் போடுங்கள். உட்கார்ந்து எழுகிற இடத்தில் சுவரில் ஒரு கம்பிக் கைப்பிடி வேண்டும். அதைச் சுவரில் நன்றாகத் துளைபோட்டு முடுக்க வேண்டும், டவல் மாட்டுகிற கம்பி ஆளின் எடையைத் தாங்காது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எரியட்டும். அறுபது வயதுக் கண்ணுக்குள், இருபதில் போன வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. நிலவாசப்படிக்குப் பளிச்சென்று மஞ்சள் பூசி வையுங்கள். சாமிக்கும் ஆச்சு, கண்ணுக்கும் ஆச்சு. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப்போடுங்கள்.

வயதானவர்களுக்கு மோப்பம் குறையும். கேஸ் கசிந்தால் வாசனை தெரியாமல் போகலாம். கசிவைக் காட்டுகிற சின்னக் கருவி வாங்கினால், சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது என்பதை நினைவில் வையுங்கள். அது தரையோடு படியும், அதனால் கருவி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். குழாயில் வருகிற கேஸ் அதற்கு நேர் எதிர், மேலே ஏறும். அதற்குக் கூரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது விழுவதற்குப் பெரிய காரணம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பணியாளரிடம் சொல்லி, படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் டாக்டரிடம் மாத்திரைகளைக் காட்டுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. கட்டணம் இல்லை, அம்மாவின் போனில் பதிந்து வையுங்கள்.

நான் மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன். இந்தத் துறைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
- ஒரு மாணவர், பீளமேடு

தம்பி, சர்க்யூட்டை உங்கள் கல்லூரி கற்றுக்கொடுத்துவிடும். காதைப் பற்றி நீங்கள்தான் படிக்க வேண்டும். நாம் கடையில் வாங்கிப் போடுகிற பீப் பஸ்ஸர் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தும். வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது அந்தக் கீச்சுச் சத்தம்தான். காது மந்தமானவர்கள் தூங்குகிற அறையில் தீ அலாரம் 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியில் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. உங்கள் பிராஜெக்டில் பஸ்ஸரை எடுத்துவிட்டு ஒரு ஸ்பீக்கர் போடுங்கள்.

குரலையும் பாருங்கள். "உதவி தேவையெனில் பொத்தானை அழுத்தவும்" என்று கருவி பேசினால் எங்கள் பக்கத்து ஆத்தாக்கள் ரேடியோ பாடுகிறது என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். "ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. ரேடியோ உள்ள எந்தக் கருவியையும் விற்பதற்கு முன் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ரேடியோ மாட்யூலைப் போட்டு வடிவமைத்தால் பாதித் தலைவலி குறையும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில். உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

எனக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன்கள் வீட்டில் சென்சார் வைத்திருக்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தால் பெங்களூரிலிருந்து போன் வருகிறது. இது பாதுகாப்பா, சிறையா?
- ஒரு வாசகர், அவிநாசி

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். தண்ணீர் குடிப்பதை எல்லாம் யாருக்கும் சொல்லக்கூடாது. எங்கள் கருவிகளில் எந்தத் தகவல் வெளியே போக வேண்டும் என்பதை அந்த வீட்டில் இருக்கிறவர்தான் முடிவு செய்கிறார். பணம் கட்டுகிற மகன் இல்லை. இதனால் சில ஆர்டர்கள் போயின, போகட்டும்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். ராத்திரி அசைவுகளுக்கு அறிவிப்பே வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லுங்கள். காலை எட்டு மணி வரை வீட்டில் எந்த அசைவும் இல்லை என்றால் மட்டும் தகவல் போகட்டும். அதுவும் முதலில் பெங்களூருக்கு வேண்டாம், அங்கிருந்து அவர்கள் வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும். உங்களோடு காலையில் டீக்கடையில் பேப்பர் படிக்கிற நண்பர் யாரோ, அவருக்குப் போகட்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் அடுத்த பெயர், அதற்கும் அடுத்து மகன்கள். அந்தப் பட்டியலை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எழுதுங்கள். வெளியூர் போகும்போது எல்லாவற்றையும் அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இந்தப் பதிலை மகன்களிடம் காட்டுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எனக்கு எழுதுங்கள், அவர்களிடம் நான் பேசுகிறேன்.